பேஸ்மென்றில் ரேடன்: ஒரு குளிர்காலத்துக்குள் அளந்து குறைப்பது எப்படி

ரொறன்ரோவைச் சுற்றி எங்கள் ஆட்கள் இருக்கும் வீடுகளில் பேஸ்மென்ற், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கும் தளம், சும்மா கிடப்பதில்லை. மேலே அறை போதாது என்று அம்மம்மாவுக்குக் கீழே ஒரு கட்டில் போட்டிருப்போம். படிக்க வந்த பிள்ளைகள் நாலு பேர் அங்கே வாடகைக்கு இருப்பார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி முதல் இரண்டு மூன்று வருடங்களை அங்கேதான் கழிக்கும். நானும் இந்த நாட்டுக்கு வந்த முதல் நாலு வருடம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில்தான் இருந்தேன். குளிர், ஈரம், எலி எல்லாவற்றையும் பற்றி அப்போது கதைத்திருக்கிறோம். மண்ணிலிருந்து கசிந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடனின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை.

சொந்த வீடு வாங்கிப் பல வருடம் கழிந்த பிறகுதான் அளந்து பார்த்தோம். அம்மம்மா படுக்கும் அறையில் ரேடன் 310 பெக்கரல் என்று வந்தது (அந்த அலகைக் கீழே விளக்குகிறேன்). கனடாவின் வரம்பு 200. அதைக் குறைக்க ஒரு நாள் வேலைதான் தேவைப்பட்டது. அந்த ஒரு நாள் வேலைக்கு முன்னால் எத்தனை குளிர்காலம் அவர் அந்தக் காற்றில் நித்திரை கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் பதறுகிறது. நீங்கள் அவ்வளவு காலம் பிந்தக் கூடாது என்பதற்காக, நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் கொஞ்சமாக எங்கும் இருக்கிறது. அது மிக மெதுவாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடன் என்ற வாயுவாகிறது. நிறம், மணம், சுவை ஒன்றும் கிடையாது. வெளியே திறந்த வெளியில் வந்தால் காற்றோடு கலந்து ஐதாகிவிடும். வீட்டுக்குள் வந்தால்தான் தேங்கும்.

ரேடனில் பாதி நாலு நாளுக்குள் சிதைந்துவிடும். அப்படிச் சிதையும்போது பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று திண்மத் துகள்கள் உண்டாகின்றன. அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் சுவரில் படிகின்றன. அங்கிருந்து அல்பா கதிரை வீசுகின்றன. அல்பா கதிரை ஒரு கடதாசித் தாளே தடுத்துவிடும், எங்கள் தோலையும் அது தாண்டாது. ஆனால் நுரையீரலுக்குள்ளே தடுக்கத் தோல் இல்லை. உயிரணுவின் மேலேயே நேராகப் படுகிறது.

இதை முதலில் உடம்பால் அறிந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஜேர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் ‘மலை நோய்’ என்ற ஒன்றால் செத்துக்கொண்டிருந்தார்கள். அது நுரையீரலில் வரும் புற்றுநோய் என்று 1879இல் இரண்டு வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். ரேடன் என்ற வாயுவே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

வீடுகளுக்குள்ளும் இது ஆபத்தான அளவுக்குச் சேரலாம் என்று உலகம் திடுக்கிட்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியியலாளர் வேலை செய்தார். கதிர்வீச்சு சோதிக்கும் வாசலில் அவர் வந்தாலே எச்சரிக்கை மணி அடித்தது. வேலையிடத்தில் எதுவும் அவர்மேல் பட்டிருக்கவில்லை. தேடிப் பார்த்தால், அவர் அதைத் தன் வீட்டிலிருந்து உடுப்பில் கொண்டுவந்திருக்கிறார். அந்த வீட்டில் அளந்த ரேடன், கனடிய கணக்கில் சொன்னால் 200 என்ற வரம்பைப் போல 500 மடங்கு.

எங்கள் வீடுகளில் அப்படி வராது. எங்கள் சிக்கல் 250, 400, 700 என்ற அளவுகள்தான். அவை எந்த மணியையும் அடிக்கச் செய்வதில்லை. இருமல் வராது, தலை இடிக்காது, மூச்சு முட்டாது. இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. வீட்டை அளந்தால் மட்டுமே தெரியும்.

எவ்வளவு ஆபத்து?

கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் ரேடன். புகைக்காதவர்களில் முதல் காரணமே இதுதான். ஆண்டுக்கு 3,000க்கு மேற்பட்ட மரணங்களுக்கு இது காரணம் என்று கனடிய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா கணக்கிடுகிறது. நுரையீரல் புற்றுநோயால் வரும் மரணங்களில் இது சுமார் 16 சதவீதம்.

ரேடனை அளக்கும் அலகு பெக்கரல். ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு செக்கனுக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதுதான் அந்த எண். 200 என்றால், உங்களுக்கு முன்னால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றரான ஒரு பெட்டி அளவு காற்றில் ஒவ்வொரு செக்கனும் 200 அணுக்கள் வெடிக்கின்றன என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வரம்பு முன்பு 800 ஆக இருந்தது. 2007இல் 200க்குக் குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 100 என்கிறது.

200 என்பது ஒரு மதில் இல்லை. 190 வந்தவர் தப்பினார், 210 வந்தவர் மாட்டினார் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005இல் வெளியான கணக்கின்படி, நீண்டகாலம் மூச்சில் எடுக்கும் ரேடன் ஒவ்வொரு 100 கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது. எவ்வளவு, எத்தனை வருடம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், வீட்டில் அதிகம் வாங்குவது வேலைக்குப் போய்வரும் நீங்களும் நானும் அல்ல. நாள் முழுக்கக் கீழே இருந்து தொலைக்காட்சி பார்க்கும் அம்மம்மா, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் கீழே படுக்கும் பிள்ளை, கைக்குழந்தையோடு வெளியே போக முடியாமல் இருக்கும் அந்த இளம் தாய்.

புகைப்பவர் வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. வாழ்நாள் முழுக்க அதிக ரேடனில் இருந்தால், புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20இல் ஒன்று என்றும், புகைப்பவருக்கு 3இல் ஒன்று என்றும் ஹெல்த் கனடா சொல்கிறது. ரேடனைக் குறைக்கிறவர் சிகரெட்டையும் விட்டால் மிகப் பெரிய லாபம் அவருக்குத்தான்.

ஊரில் இல்லாத பிரச்சினை இங்கே ஏன்?

மூத்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. மண் எங்கும் மண்தான். கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் தோரியம் நிறைந்த மொனசைட் கிடக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம்.

வித்தியாசம் வீட்டில் இருக்கிறது. ஊரில் யன்னல் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், கதவு இரவில்தான் சாத்துவோம், நிலத்துக்குக் கீழே அறை கட்டுவதில்லை. இங்கே ஒக்டோபரில் சாத்திய யன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறோம். குளிர் உள்ளே வரக் கூடாது என்று ஒவ்வொரு இடுக்கையும் அடைக்கிறோம். உள்ளே சூடேறிய காற்று மேலே எழும்பிக் கூரைப் பக்கத்தால் கசிந்து போகிறது. போன காற்றுக்குப் பதில் காற்று வேண்டும், வீடு அதைக் கீழே மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. கொங்கிறீற் தரையின் வெடிப்பு, சுவரும் தரையும் சந்திக்கும் இடுக்கு, தரை வடிகால், நிலத்தடி நீரைச் சேர்த்து வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் குழி, குழாய்கள் உள்ளே வரும் துளை எல்லாம் அதற்கு வாசல். குளிர்காலத்தில் எங்கள் வீடு மண்ணிலிருந்து காற்று இழுக்கும் புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது.

படி 1: யார் வீட்டை அளக்க வேண்டும்?

எல்லார் வீட்டையும். இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை.

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி அளவு வின்னிபெக், ரெஜைனா போன்ற இடங்களைவிடக் குறைவு. அது உண்மை. ஆனால் சராசரி உங்கள் வீட்டில் குடியிருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றில் 60, மற்றதில் 500 வருவது ரேடனில் சாதாரணம். தரைக்குக் கீழே மண் எப்படி, வெடிப்பு எங்கே, வீடு எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். ‘பக்கத்து வீட்டு அண்ணை பார்த்தவர், ஒண்டும் இல்லையாம்’ என்பது அவருடைய வீட்டைப் பற்றிய செய்தி மட்டும்.

புது வீடு என்றும் விட வேண்டாம். புது வீடு இறுக்கமானது, ஆகவே தேங்குவதற்கு வசதி. 2024இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் கனடிய வீடுகளில் சுமார் 18 சதவீதத்தில் 200 அல்லது அதற்கு மேல் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தைய அரச ஆய்வில் அது 7 சதவீதம் அளவில்தான் இருந்தது.

மாடிக் குடியிருப்பின் 15ஆம் தளத்தில் இருப்பவர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. தரைத்தளத்திலோ அதற்குக் கீழேயோ இருப்பவர் அளக்க வேண்டும்.

படி 2: எந்தக் கருவி?

இரண்டு வகை. ஒன்று, சிறிய கறுப்பு டப்பா. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சில்லு இருக்கும். மின்சாரம் வேண்டாம், சத்தம் போடாது. அல்பா துகள் ஒவ்வொன்றும் அந்தச் சில்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலை விட்டுப் போகும். மூன்று மாதம் கழித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அவர்கள் சில்லைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கீறல்களைப் பெரிதாக்கி எண்ணி, சராசரி அளவைச் சொல்வார்கள். ஆய்வுகூடக் கட்டணத்தோடு சேர்த்து 30 முதல் 60 டொலர் வரும். வீட்டுச் சாமான் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். வாங்கும்போது ஆய்வுகூடச் செலவு விலைக்குள் அடங்குமா என்று பெட்டியில் பாருங்கள். சிலவற்றில் அது தனி.

மற்றது, எண் காட்டும் மின்னணுக் கருவி. 200 டொலருக்கு மேல் போகும். பல ஊர்களில் பொது நூலகங்கள் புத்தகம் மாதிரி இரவல் கொடுக்கின்றன, முதலில் உங்கள் நூலகத்தில் கேளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ரேடன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மழை பெய்தால் ஒன்று என்று ஏறி இறங்கும். எண் காட்டும் கருவியை வைத்தால் மணிக்கொருதரம் பார்த்துப் பயப்படவோ, ஒரு கிழமை குறைவாகக் காட்டியதும் நிம்மதியாக மூடி வைக்கவோ மனம் சொல்லும். எந்தக் கருவியானாலும் மூன்று மாதச் சராசரி ஒன்றுதான் பேச்சு.

நான் முதல் தடவைக்குக் கறுப்பு டப்பாவைத்தான் சொல்வேன். மலிவு, பிழை விட வழி குறைவு, கடைசியில் கையில் ஒரு அறிக்கை வரும். அந்த அறிக்கை வீட்டுக்காரரோடு கதைக்கவும் உதவும்.

படி 3: எப்போது, எங்கே வைப்பது?

ஒக்டோபர் கடைசிக்குள் வைத்துவிட்டால் நல்லது. குறைந்தது 91 நாள் இருக்க வேண்டும். எல்லா நாளும் ஹீற்றர் ஓடும் காலத்துக்குள் விழ வேண்டும். ஜனவரியில்தான் இதை வாசிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே வையுங்கள், ஏப்ரல் வரை காலம் இருக்கிறது. கோடையில் யன்னல் திறந்திருக்கும்போது அளந்த எண் குளிர்கால உண்மையைச் சொல்லாது.

இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள், நாங்களும் விட்டோம். யாரும் தட்டி விழுத்தக் கூடாது என்று, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இருக்கும் அறையில் வைத்தோம். அங்கே யார் மூச்சு விடுகிறார்கள்? ஒருவரும் இல்லை. இரண்டு கிழமை கழித்து அறிவுறுத்தல் தாளை ஒழுங்காக வாசித்த பிறகுதான் எடுத்து அம்மம்மாவின் அறையில் வைத்தோம்.

விதி எளிது. ஒருவர் ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் அறைகளில் ஆகக் கீழே இருப்பது எதுவோ, அங்கே வையுங்கள். பேஸ்மென்றில் ஆள் படுத்தால் அந்தப் படுக்கையறை. பேஸ்மென்றில் பெட்டிகள் மட்டும் இருக்கிறது, ஒருவரும் போவதில்லை என்றால் மேலே வரவேற்பறையோ படுக்கையறையோ. வருகிற வருடம் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே கீழே அளந்து பாருங்கள்.

மூச்சு விடும் உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 80 சென்ரி மீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கும் இடையில். வெளிச்சுவரிலிருந்து அரை மீற்றராவது தள்ளி. கட்டிலருகே இருக்கும் சின்ன மேசை, திறந்த புத்தகத் தட்டு எல்லாம் சரி. கூரையிலிருந்து நூலில் தொங்கவிடலாம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுதான் நல்லது.

குசினி, குளியலறை, உடுப்புத் தோய்க்கும் இடம் வேண்டாம். யன்னல் ஓரம், சூடான காற்று வரும் துவாரத்தின் பக்கம், வெயில் படும் இடம் வேண்டாம். அலுமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சாமித் தட்டில் வைக்காதீர்கள். விளக்கின் சூடு படும். பத்திரமான இடம் என்று கை தானாக அங்கேதான் போகும்.

உறையைப் பிரித்த நாளே கணக்குத் தொடங்கும் நாள். டப்பாவின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 91ஆம் நாளுக்கு நினைவூட்டல் ஒன்றும் போட்டு வையுங்கள். பிறகு அதை மறந்துவிட்டு வழக்கம்போல் இருங்கள். நல்ல எண் வர வேண்டும் என்று யன்னலைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. நீங்கள் எப்படி வாழ்கிறீர்களோ அந்தக் காற்றைத்தான் அளக்க வேண்டும்.

படி 4: வந்த எண்ணை வாசிப்பது

100க்குக் கீழே என்றால் நல்லது. அறிக்கையை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

100க்கும் 200க்கும் இடையில் என்றால் கனடிய வரம்புக்குள் இருக்கிறீர்கள். ஆனாலும் கீழே முழுநாளும் ஒருவர் இருந்தால், அல்லது வீட்டில் புகைப்பவர் இருந்தால், வசதி உள்ளபோது குறைப்பதைப் பற்றி யோசியுங்கள் என்பேன். இது என் கருத்து, கட்டாயம் இல்லை.

200 முதல் 600 வரை என்றால் இரண்டு வருடத்துக்குள்ளும், 600க்கு மேல் என்றால் ஒரு வருடத்துக்குள்ளும் குறையுங்கள் என்பது ஹெல்த் கனடா சொல்லிவந்த கால அளவு. அது ஆகக் கூடிய கெடு. 400 வந்தவர் இரண்டு வருடம் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அதே நேரம், எண்ணைப் பார்த்து இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடவும் தேவையில்லை. இது பல வருடங்களில் சேரும் ஆபத்து. சில கிழமை எடுத்து நல்ல ஆளைத் தேடலாம். அதுவரைக்கும் அம்மம்மாவின் கட்டிலை மேலே கொண்டுவந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ‘எங்களுக்கு 4 வந்தது’ என்றால் குழம்ப வேண்டாம். அங்கே பிக்கோகியூரி என்ற அலகு. அதை 37ஆல் பெருக்கினால் எங்கள் எண் வரும். 4 என்பது 148. அங்கே திருத்தச் சொல்லும் அளவும் அதுதான்.

படி 5: வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரரும்

எங்கள் சமூகத்தில் இது தொடக் கூச்சமான இடம். மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்காரர், இருவரும் தமிழர், ஊரும் பக்கத்து ஊராக இருக்கும். முறைப்பாடு சொன்னால் வீடு போய்விடும் என்று கீழே இருப்பவர் பயப்படுவார். கேட்டால் செலவு வரும் என்று மேலே இருப்பவர் கேட்காமல் இருப்பார்.

நோர்வேயில் வாடகை வீட்டின் ரேடன் அளவு 200க்கு மேல் போகக் கூடாது என்பது 2014 ஜனவரி முதல் சட்டம். அங்குள்ள தமிழ் வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். கனடாவில் 200 என்பது வழிகாட்டும் அளவு, வீட்டுக்குள் கட்டாயமாக அளக்கச் சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் வாடகைக்கு விடும் வீட்டை ஆள் இருக்கத் தகுந்த, பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது ஒன்ராறியோவில் வீட்டுக்காரரின் கடமை.

வாடகைக்கு இருப்பவர் தன் அறையில் டப்பா வைக்க ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எண் கூடுதலாக வந்தால் சண்டையாக இல்லாமல், எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பே போதும்:

‘அண்ணை, வணக்கம். கீழ நாங்கள் ரேடன் அளந்து பார்த்தனாங்கள். மூண்டு மாதச் சராசரி 420 எண்டு வந்திருக்கு, அறிக்கையை அனுப்பியிருக்கிறன். 200க்கு மேல வந்தால் திருத்தச் சொல்லுறாங்கள். மேலயும் இந்தக் காத்துத்தான் வரும், உங்கட பிள்ளையளுக்கும் நல்லது. ஆரையும் கூப்பிட்டுப் பார்க்கேலுமே? வேலைக்கு வாறவைக்கு நாங்கள் நேரம் ஒதுக்கி வைக்கிறம்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. பேஸ்மென்ற் காற்று மேலே போகத்தான் செய்யும், பேர்னஸ் ஒன்றே இரண்டு தளத்துக்கும் காற்றைச் சுற்றும் வீட்டில் இன்னும் அதிகம்.

வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் மாதாமாதம் உங்கள் கடனில் ஒரு பங்கைக் கட்டுகிறார். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். 50 டொலரில் நீங்களே வையுங்கள்.

படி 6: குறைப்பது

முதலில், பலிக்காதவை. பேர்னஸ் வடிகட்டியும் காற்றுச் சுத்திகரிப்பானும் தூசியைப் பிடிக்கும், ரேடன் வாயுவைப் பிடிக்காது. பூச்செடி ஒன்றும் செய்யாது. யன்னலைத் திறந்தால் குறையும், சாத்தினால் சில மணி நேரத்தில் திரும்பும். ஜனவரியில் எத்தனை நாள் திறந்து வைப்பீர்கள்?

வெடிப்புகளை அடைப்பது நல்லதுதான். பொலியூரித்தேன் பூச்சால் தரை இடுக்குகளை அடைக்கலாம், சம்ப் குழிக்குக் காற்றுப் புகாத மூடி போடலாம். காய்ந்த தரை வடிகாலில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், தண்ணீர் நின்றால் அந்த வழி அடைபடும். ஆனால் அடைப்பது மட்டும் அநேகமாகப் போதாது. கொங்கிறீற் புதிய இடத்தில் வெடிக்கும், முடித்த சுவருக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பு கைக்கு எட்டாது.

பலிப்பது இதுதான்: தரையில் கையளவு துளை போட்டு, கொங்கிறீற்றுக்குக் கீழே ஒரு குழாய் இறக்கி, அதில் நாள் முழுக்க ஓடும் ஒரு விசிறி பூட்டி, மண்ணுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுவது. வீடு மண்ணிலிருந்து உறிஞ்சுவதற்கு முன்பே இந்தக் குழாய் உறிஞ்சிவிடும். சரியாகச் செய்தால் 80 சதவீதத்துக்கு மேல் குறையும். எங்கள் வீட்டில் 310 இருந்தது 45 ஆனது. சாதாரண வீட்டுக்கு 2,000 முதல் 3,000 டொலர் அளவில் வரும், அநேகமாக ஒரு நாளில் முடியும். விசிறி ஒரு பழைய மின்குமிழ் அளவு மின்சாரம்தான் எடுக்கும்.

பல புது வீடுகளில் பேஸ்மென்ற் தரையிலிருந்து மூடிய குழாய் முனை ஒன்று நிற்கும். சிலர் அதைப் பார்த்து ‘எங்களுக்கு ஏற்கெனவே பூட்டியிருக்கு’ என்று நினைக்கிறார்கள். விசிறி இல்லாமல் அது வெறும் குழாய்தான். அளந்து எண் கூடுதலாக வந்தால் அதிலேயே விசிறி பூட்டலாம், செலவு குறையும்.

ஆளைத் தேடும்போது, கனடியத் தேசிய ரேடன் தகைமைத் திட்டத்தின் சான்றிதழ் உள்ளவரா என்று பாருங்கள். அந்தத் திட்டத்தின் இணையத்தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பெயர்கள் வரும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். விலையோடு சேர்த்து, தரைக்குக் கீழே காற்று எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்று துளை போட்டுச் சோதிப்பாரா, வெளியேறும் குழாய் முனை யன்னலுக்கும் கதவுக்கும் எவ்வளவு தள்ளி வரும், 200க்குக் கீழே வராவிட்டால் திரும்ப வந்து செய்வாரா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று எல்லாவற்றையும்விட முக்கியம். விசிறி பலமாக உறிஞ்சும்போது, எரிவாயுவில் ஓடும் பேர்னஸ் அல்லது வெந்நீர்த் தாங்கியின் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளே திரும்பலாம். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கலாம், அது ஒரே இரவில் உயிரைக் கொல்லும். வேலை முடிந்ததும் இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கைவேலை தெரிந்த மச்சானைக் கூப்பிட்டு விசிறி பூட்டலாம் என்று யோசிப்பவர்களை நான் தடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

செலவு பாரமாக இருந்தால், கனடிய நுரையீரல் சங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கும் உதவித்தொகைத் திட்டம் நடத்தியிருக்கிறது. விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் வீடு கட்டி ஏழு வருடத்துக்குள் என்றால், செலவு செய்ய முன் புது வீட்டு உத்தரவாதமான டரியனை அணுகுங்கள். 200க்கு மேல் வந்த ரேடனை அது கணக்கில் எடுக்கிறது.

படி 7: திரும்ப அளப்பது

விசிறி ஓடுகிற சத்தம் கேட்டதோடு வேலை முடியவில்லை. பூட்டிய ஒரு மாதத்துக்குள் ஒரு குறுகிய காலச் சோதனை. அடுத்த குளிர்காலத்தில் மூன்று மாதச் சோதனை. இரண்டாவதை வேலை செய்தவரிடம் விடாமல் நீங்களே டப்பா வாங்கி, முன்பு வைத்த அதே இடத்தில் வையுங்கள்.

குழாயில் நிற நீர் நிரம்பிய ‘யூ’ வடிவக் கண்ணாடிக் குழல் ஒன்று ஒட்டியிருக்கும். நீர் இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் நின்றால் விசிறி இழுக்கிறது. ஒரே மட்டமானால் நின்றுவிட்டது. கீழே இருப்பவருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள், அவர்தான் அதை ஒவ்வொரு நாளும் காண்பவர். விசிறி ஐந்து பத்து வருடத்தில் களைத்துப்போகும், மாற்ற வேண்டிவரும்.

பேஸ்மென்றை உடைத்துத் திருத்தினால், பேர்னஸ் மாற்றினால், யன்னல்களைப் புதிதாக்கினால் வீட்டின் காற்றோட்டம் மாறிவிடும். அந்தக் குளிர்காலம் மறுபடி ஒரு டப்பா. ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

எங்கள் வீட்டுக் குழாயில் மார்க்கர் பேனாவால் இரண்டு எண்ணும் இரண்டு திகதியும் எழுதியிருக்கிறோம். கீழே புதிதாகக் குடிவருபவருக்கு வீட்டுத் திறப்போடு அறிக்கையின் பிரதியும் கொடுக்கிறோம்.